கூடம் கோணலா, ஆட்டம் கோணலா? சிமுலேட்டரில் கார் தடுமாறும்போது பிழை தேடும் வழி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டுநர் உதவி அமைப்புகளைச் சிமுலேட்டரில் சோதிக்கும் வேலைக்கு வந்த பிறகு அந்தப் பெண்மீது எனக்கு அனுதாபம் வந்துவிட்டது. இந்த வேலையில் பாதி நாள் கூடம் உண்மையிலேயே கோணல்தான். கார் முட்டிவிட்டது என்று பிரேக் நிரலைத் திருத்தத் தொடங்குகிறோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், நிரல்மீது குற்றமே இல்லை. சென்சார் படம் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், பழையதாக வந்திருக்கிறது. அதற்குள் நல்ல நிரலைக் கெடுத்து வைத்திருப்போம்.

அதனால் பிழை தேட நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் கடிகாரம், பிறகு அச்சுத் திசைகள், பிறகு சென்சார்கள், பிறகு வண்டியின் இயக்கம், எல்லாம் சரி என்றால் மட்டுமே சொந்த நிரல். இந்த வரிசையை மாற்றினால் நேரம் வீணாகும். கீழே உள்ள அறிகுறிகளையும் அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் கார்லா சிமுலேட்டரை வைத்துக்கொள்கிறேன். பார்சிலோனாவின் கணினிப் பார்வை மையமும் இன்டெல், டொயோட்டா ஆய்வுப் பிரிவுகளும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் அது. நான் சொல்வது, கணினி விளையாட்டுகளுக்கான அன்ரியல் என்ஜின் 4 மென்பொருளின் மேல் ஓடும் 0.9 வரிசைக்கு. சோதனை எளிமையானது: நம் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, எதிரே ஒரு கார் அசையாமல் நிற்கிறது, தானியங்கி அவசர பிரேக் விழ வேண்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு சோதனைத் தடத்தில் நுரைப் பலகைகளால் ஆன பொம்மைக் காரை நிறுத்திச் செய்யும் சோதனையின் கணினி வடிவம் என்று சொல்லலாம்.

அறிகுறி: சிமுலேட்டர் உறைந்து நிற்கிறது

ஜன்னல் திறந்திருக்கிறது, படம் அசையவில்லை. அடுத்த ஸ்கிரிப்டை ஓட்டினால் நேரம் கடந்துவிட்டது என்ற பிழை வருகிறது. புதிதாக வருபவர்கள் உடனே கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: முன்பு ஓடிய ஸ்கிரிப்ட் சிங்க்ரனஸ் முறையை இயக்கிவிட்டு, நடுவில் பிழையாகி நின்றுவிட்டது. அந்த முறையில் சர்வர், அதாவது உலகத்தை ஓட்டும் பக்கம், தானாக நகராது. கிளையன்ட், அதாவது உங்கள் ஸ்கிரிப்ட், 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓர் அடி எடுத்து வைக்கும். தட்ட வேண்டியவர் போய்விட்டார். சர்வர் விசுவாசமாகக் காத்திருக்கிறது. உலக அமைப்பில் சிங்க்ரனஸ் முறையை அணைக்கும் நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதைவிட நல்லது, பைத்தானில் ஃபைனலி பகுதிக்குள் பழைய அமைப்பை மீட்டு வைப்பது. ஸ்கிரிப்ட் எப்படிச் செத்தாலும் அந்தப் பகுதி ஓடும்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. கார்கள் எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். இரண்டு கிளையன்ட்கள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ரோஸ் என்ற ரோபோ மென்பொருளைக் கார்லாவோடு இணைக்கும் பாலம் ஒரு பக்கம், உங்கள் ஸ்கிரிப்ட் மறுபக்கம். தட்டும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே சோதனை, ஒவ்வொரு முறையும் வேறு விடை

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகமானவை இதைப் பற்றித்தான். காலையில் கார் 2 மீட்டர் முன்னால் நின்றது. மதியம் அதே ஸ்கிரிப்ட் முட்டியது. "சிமுலேஷன் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரும்பச் செய்ய முடியாத சோதனையைச் சோதனை என்று சொல்லக்கூடாது.

முதலில் நேர அடியைப் பாருங்கள். எதையும் மாற்றாமல் விட்டால் கார்லா மாறும் நேர அடியில் ஓடும். ஒரு படத்தை வரைய எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம் உலகம் முன்னேறும். பக்கத்து ஜன்னலில் வீடியோ ஓடினால் அடி நீளும். உங்கள் பிரேக் நிரல் உலகத்தைப் பார்க்கும் தருணங்கள் அதோடு சேர்ந்து மாறும். அடியை 0.05 விநாடி என்று நிலைநிறுத்துங்கள். சிங்க்ரனஸ் முறையையும் இயக்குங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பயனில்லை. இயற்பியல் கணக்குக்கு உள்ளே சிற்றடிகள் உண்டு: இயல்பாக ஒரு சிற்றடி அதிகபட்சம் 0.01 விநாடி, அதிகபட்சம் 10 சிற்றடிகள். இரண்டின் பெருக்கல் 0.1. உங்கள் நேர அடி இதைத் தாண்டினால் இயற்பியல் கணக்கு நேரத்தோடு ஒட்டாமல் போகும்.

அதற்குப் பிறகும் விடை மாறினால், ஊகிப்பதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் எல்லா வண்டிகளின் இடம், வேகம், நம் காரின் பிரேக் அளவு ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதுங்கள். இரண்டு முறை ஓட்டி, இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதல் வேறுபாடு எந்த டிக்கில், எந்த வண்டியில் வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். கடைசியில் எவ்வளவு விலகியது என்பது முக்கியமில்லை. எங்கே கிளை பிரிந்தது என்பதுதான் துப்பு.

முதல் டிக்கிலேயே பிரிந்தால், தொடக்க நிலை சுத்தமாக இல்லை. முந்தைய ஓட்டத்தின் மிச்சம் உலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் உலகத்தை மீண்டும் ஏற்றுங்கள், அதுவும் சிங்க்ரனஸ் முறையை இயக்கிய பிறகு. பல வண்டிகளுக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே கட்டாக அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் சில கட்டளைகள் அடுத்த டிக்கில் போய் விழும்.

சுற்றியிருக்கும் வண்டிகளில் முதலில் பிரிந்தால், அவற்றை ஓட்டும் டிராஃபிக் மேனேஜரைப் பாருங்கள். அதற்கென்று தனியாகச் சிங்க்ரனஸ் அமைப்பும், தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் சீடு எண்ணும் தனியாக உண்டு. உலகத்துக்குக் கொடுத்தால் அதற்கும் போய்ச் சேரும் என்று நினைப்பது வழக்கமான தவறு. பாதசாரிகளுக்கும் தனிச் சீடு எண் உண்டு.

நம் காரின் பிரேக்கில்தான் முதலில் பிரிகிறது என்றால், கூடம் நேராகிவிட்டது. இனி ஆட்டத்தைப் பார்க்கலாம். இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. பொருளை அடையாளம் காணும் நரம்பு வலையமைப்பு கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும்போது, ஒரே படத்துக்கும் கடைசித் தசமங்கள் மாறலாம். நம்பகத்தன்மை 0.5-ஐத் தாண்டினால்தான் கார் என்று ஏற்போம் என்ற விதி இருந்து, மதிப்பு 0.5-ஐ ஒட்டியே ஊசலாடினால், ஒரு முறை இந்த ஃபிரேமில் தாண்டும், மறுமுறை அடுத்த ஃபிரேமில் தாண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 0.05 விநாடிக்குக் கார் 0.69 மீட்டர் ஓடிவிடும். இது சிமுலேட்டரின் பிழையே இல்லை. உங்கள் அமைப்பு கத்திமுனையில் நிற்கிறது என்று சிமுலேட்டர் உங்களுக்குச் சொல்கிறது. சீடு எண்ணை மாற்றி அதை மூடி மறைக்காதீர்கள்.

அறிகுறி: அடையாளப் பெட்டி காரைவிட்டு விலகி ஓடுகிறது

படத்தில் எதிர்க்காரைச் சுற்றி வரையும் பெட்டி, கார் நகரும்போது காரைவிட்டு விலகி முன்னே ஓடுகிறது. கார் நின்றால் சரியாகப் பொருந்திவிடுகிறது. எல்லோரும் கேமராவின் கோணத்தை அளக்கப் போவார்கள். நின்றால் பொருந்துகிறதே, கோணம் எப்படித் தவறாக இருக்கும்?

பெட்டியின் இடம் இந்த டிக்கிலிருந்து வருகிறது, படம் போன டிக்கிலிருந்து வருகிறது. சிங்க்ரனஸ் முறையில்கூட சென்சார் தரவு நிரலின் வேறு இழையில் (த்ரெட்), தன் வசதிப்படித்தான் வந்து சேரும். டிக் கொடுக்கும்போது சர்வர் ஒரு ஃபிரேம் எண்ணைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு சென்சார் தரவிலும் அதே வகை எண் இருக்கிறது. வரிசையில் வந்த தரவின் எண் டிக்கின் எண்ணோடு ஒத்துப்போகும் வரை காத்திருங்கள். பழையதைத் தூக்கிப் போடுங்கள். கடைசியாக வந்த படத்தை ஒரு மாறியில் வைத்து எடுத்துக்கொள்ளும் நிரலைக் கண்டால், அதை முதலில் மாற்றுங்கள்.

ஒரு காரை ஸ்பான் செய்த (உலகத்தில் கொண்டுவந்து வைத்த) உடனே அதன் இடத்தைக் கேட்டால் மூன்று சுழியங்கள் வருவதும் இதே குடும்பம்தான். ஒரு டிக் ஆகும் வரை அந்தக் கார் எங்கே இருக்கிறது என்று கிளையன்ட்டுக்குத் தெரியாது.

அறிகுறி: நேர்ச் சாலையில் ஒழுங்காக ஓடும் கார், முதல் வளைவில் எதிர்ப்பக்கம் திரும்புகிறது

அன்ரியலில் ஒய் அச்சு வலப்பக்கம் போகும். ரோஸ் உலகத்தில் ஒய் அச்சு இடப்பக்கம். முன்னது இடக்கை முறை, பின்னது வலக்கை முறை. ஒரு குறியை மாற்ற மறந்தால் உலகம் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும்.

இந்தப் பிழையின் கெட்ட குணம், அது ஒளிந்துகொள்ளும் இடம். நம் சோதனையில் எதிர்க்கார் நேர் முன்னால் நிற்கிறது. ஒய் மதிப்பு சுழியம். சுழியத்துக்குக் குறி மாற்றினாலும் சுழியம்தான். ஆகவே பிரேக் சோதனைகள் எல்லாம் மாதக்கணக்கில் தேறிக்கொண்டே இருக்கும். தடம் காக்கும் உதவியைச் சோதிக்கும் அன்று குட்டு வெளிப்படும். மருந்து ஒரு நிமிட வேலை: நம் காருக்கு 20 மீட்டர் முன்னால், 5 மீட்டர் வலப்பக்கம் ஒரு காரை நிறுத்துங்கள். பிரேக் நிரலின் வாசல்வரை போய் அங்கே என்ன எண் வருகிறது என்று பாருங்கள். திரும்பும் கோணங்களுக்கும் இதையே செய்யுங்கள். கார்லா கோணங்களை டிகிரியில் தருகிறது. உங்கள் நிரல் ரேடியனில் எதிர்பார்க்கக்கூடும்.

அறிகுறி: லைடார் படத்தில் பாதி உலகம் இல்லை

முன்பக்கம் தெரியும் ஃபிரேமில் பின்பக்கம் காலி. அடுத்த ஃபிரேமில் தலைகீழ். லைடார் என்பது சுழன்றபடி லேசர் கதிர்களை எறிந்து தூரம் அளக்கும் சென்சார். கார்லாவின் லைடார் இயல்பாக விநாடிக்கு 10 சுற்று சுற்றும். நேர அடி 0.05 விநாடி என்றால், ஓர் அடிக்கு அரைச் சுற்றுதான். சுழற்சியை 20 ஆக்கினால் ஓர் அடிக்கு முழு வட்டம் கிடைக்கும்.

ஆனால் அப்படிச் செய்வதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அடிக்குள் உலகம் அசையாது. அந்த அடியின் புள்ளிகள் எல்லாம் உறைந்த ஒரே கணத்தைக் காட்டும். உண்மை லைடார் ஒரு சுற்றை முடிப்பதற்குள் காரும் நகர்ந்துவிடும், புள்ளிகள் சாய்ந்து இழுபடும். உங்கள் நிரலில் அந்தச் சாய்வைத் திருத்தும் பகுதி இருந்தால், சிமுலேட்டரில் அது ஒருபோதும் சோதிக்கப்படவில்லை என்று குறித்து வையுங்கள்.

இன்னொன்று: லைடாரின் இயல்பான எல்லை 10 மீட்டர்தான். மாற்றாமல் ஓட்டிவிட்டு, லைடார் எதையும் பார்க்கவில்லை என்று முறையிட வருபவர்கள் குறைவில்லை.

அறிகுறி: கேமரா தாமதமாகப் பார்க்கிறது, அல்லது தப்பாகப் பார்க்கிறது

இங்கே நான்கு தனிக் காரணங்கள் ஒரே முகத்தோடு வரும்.

நிறம். கார்லாவின் கேமரா நீலம், பச்சை, சிவப்பு, ஒளிபுகு அளவு என்ற வரிசையில் பைட்களைத் தருகிறது. பெரும்பாலான வலையமைப்புகள் சிவப்பிலிருந்து தொடங்கும் வரிசையில் பயின்றவை. மாற்றாமல் ஊட்டினால் சிவப்பு விளக்கு நீலமாகிவிடும். கொடுமை என்னவென்றால், அமைப்பு முழுவதும் குருடாகாது. கார்களைக் கொஞ்சம் தயக்கத்தோடு கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும்; அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வலையமைப்புக்குள் நுழையும் படத்தை, நுழையும் இடத்திலேயே கோப்பாகச் சேமித்துக் கண்ணால் பாருங்கள். திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள். அது வேறு வழியில் வந்த படம்.

பார்வைக் கோணம். கார்லாவில் இயல்பான கிடைக்கோணம் 90 டிகிரி. 1920 பிக்சல் அகலப் படத்துக்குக் குவியத் தூரம் 960 பிக்சல் என்று வரும். உங்கள் உண்மைக் கேமரா 60 டிகிரி என்றால் அது 1663 பிக்சல். பொருளின் உயரத்தை வைத்துத் தூரம் கணிக்கும் நிரல் 1663 என்றே நினைத்துக்கொண்டிருந்தால், 30 மீட்டரில் நிற்கும் காரை 52 மீட்டரில் நிற்பதாகப் படிக்கும். பிரேக் தாமதமாவதில் வியப்பில்லை.

தரம். கணினி திணறுகிறது என்று குறைந்த தரத்தில் ஓட்டியிருப்பீர்கள். அந்தத் தரத்தில் நிழல்கள் மறையும், காட்சியின் வரைதூரம் 50 மீட்டராகச் சுருங்கும். "50 மீட்டருக்கு அப்பால் எதையுமே பார்ப்பதில்லை, அந்தக் கோட்டில் சட்டென்று தோன்றுகிறது" என்று ஒருவர் சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பொருத்திய விதம். எடுத்துக்காட்டு ஸ்கிரிப்டிலிருந்து கேமராவை நகல் எடுத்தால், அது வில்லில் தொங்குவதுபோல் மெதுவாக ஆடி வரும் வகையாக இருக்கலாம். காட்சிக்கு அழகு, அளவைக்கு ஆகாது. விறைப்பாகப் பொருத்துங்கள்.

கடைசியாக, முதல் சில ஃபிரேம்களைத் தூக்கிப் போடுங்கள். ஒளியளவு அப்போதுதான் நிலைக்கு வரும். சுவர்களின் மேற்பரப்பு விவரங்களும் அதன் பிறகே முழுதாக ஏறும்.

அறிகுறி: சிமுலேட்டரில் நிற்கிறது, சோதனைத் தடத்தில் முட்டுகிறது

ஆபத்தான அறிகுறி இது. பணம் செலவழித்துத் தடத்துக்குப் போன பிறகுதான் தெரியவும் வரும்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். உலர்ந்த சாலையில் விநாடிக்கு விநாடி 9 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்க 10.7 மீட்டர் வேண்டும். நிரல் 12 மீட்டரில் பிரேக்கைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்லாவில் பிரேக் மதிப்பை 1 ஆக்கிய அடுத்த அடியிலேயே சக்கரம் முழு விசையைக் காணும். 1.3 மீட்டர் மிச்சம் வைத்து நிற்கிறது. பாஸ்.

உண்மைக் காரில் மின்கட்டளை போய், பம்ப் எழுந்து, திரவ அழுத்தம் ஏறி, பட்டைகள் கடிக்க நேரம் ஆகும். 0.3 விநாடி என்று எளிமையாக வைத்தாலும், அதற்குள் கார் 4.2 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் 7.8 மீட்டர். அதில் முழுதாக பிரேக் பிடித்தாலும் எதிர்க்காரைத் தொடும்போது வேகம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஒரே நிரல், ஒரே தூரம். திரையில் வெற்றி, தடத்தில் நசுங்கிய பொம்மைக் கார்.

எனவே உங்கள் கட்டளைக்கும் கார்லாவின் பிரேக்குக்கும் நடுவில் ஒரு தாமதத்தையும், மெல்ல ஏறும் அழுத்த வளைவையும் நீங்களே எழுதி வையுங்கள். எண்களைக் கற்பனையிலிருந்து எடுக்காதீர்கள். உண்மை வண்டியில் ஒருமுறை பிரேக் கட்டளையையும் வேகத்தையும் பதிவு செய்து அதிலிருந்து எடுங்கள். பிறகு இரண்டு வேக வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். சாய்வு வேறுபட்டால் டயர் உராய்வு, நிறை, சக்கரங்களின் பிரேக் முறுக்கு ஆகியவற்றைத் திருத்த வேண்டும். சாய்வு ஒன்று, இடம் மட்டும் தள்ளியிருக்கிறது என்றால் தாமதம் தவறு. உலர்ந்த சாலையில் சாதாரண டயரோடு சிமுலேட்டர் கார் புவியீர்ப்பு முடுக்கத்தைவிடக் கூடுதலாக வேகம் இழந்தால், அதைக் கொண்டாட வேண்டாம். டயருக்குப் பசை தடவியிருக்கிறீர்கள்.

மூக்குக் கவிழ்வதையும் மறக்கக்கூடாது. பிரேக் விழுந்ததும் உண்மைக் காரின் முன்பக்கம் தாழும். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிர்க்காரின் அடிப்பகுதி 30 மீட்டரில் இருந்தால், அது தொடுவானுக்குக் கீழே 2.5 டிகிரியில் தெரியும். கேமரா 1 டிகிரி கவிழ்ந்தால் படத்தில் அது மேலே ஏறி 1.5 டிகிரியில் நிற்கும். தரை சமம் என்று நம்பித் தூரம் கணிக்கும் நிரல் அதை 50 மீட்டர் என்று படிக்கும். பிரேக்கைத் தொட்டதும் எதிர்க்கார் 20 மீட்டர் பின்னால் குதித்துவிட்டதாக நினைத்து, பிரேக்கை விட்டுவிடும். பிரேக் விட்டு விட்டு விழும் காரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். சிமுலேட்டர் காரின் சஸ்பென்ஷன் விறைப்பாக இருந்தால் இந்த நாடகம் திரையில் நடக்கவே நடக்காது.

அறிகுறி: வன்பொருள் மேசையில் கட்டுப்பாட்டுப் பெட்டி வேலை செய்யவே மறுக்கிறது

காரில் நிரலை ஓட்டும் உண்மையான கட்டுப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்து, சுற்றியுள்ள காரை மட்டும் கணினி நடிக்கும் சோதனை இது. பெட்டி உதவி கிடைக்காது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது.

முதல் வேலை, அதன் நினைவில் இருக்கும் பிழைக் குறியீடுகளைப் படிப்பது. அழிப்பது இரண்டாவது வேலை; நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். பெட்டி எதிர்பார்க்கும் செய்திகள் ஒவ்வொன்றிலும் சரிபார்ப்பு எண்ணும், செய்திக்குச் செய்தி ஏறும் எண்ணியும் இருக்கும். எண்ணி ஏறாமல் நின்றால், அனுப்புகிறவர் செத்துவிட்டார் என்று பெட்டி முடிவு கட்டும். 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை போக வேண்டிய செய்தி, காட்சி வரையும் கணினியின் திணறலில் தாமதமானாலும் அதே முடிவுதான். படம் வரைவதை ஒரு கணினியிலும், செய்தி அனுப்புவதை நிகழ்நேரக் கணினி ஒன்றிலும் பிரித்து வையுங்கள்.

எல்லாம் சரியாகப் போயும் மறுத்தால், எண்களுக்குள் ஒத்திசைவைப் பாருங்கள். புதிய சோதனைக்காகக் காரைத் தூக்கி வேறு இடத்தில் வைத்திருப்பீர்கள். சக்கர வேகம் ஒரு கதை சொல்லும், திரும்பும் வேகம் வேறு கதை சொல்லும். பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுச் சென்சார் பழுது என்று எழுதிக்கொள்ளும். அது தன் கடமையைச் செய்கிறது.

அறிகுறி: எல்லாம் பாஸ்

இதை அறிகுறி என்று எழுதியதற்கு மேலாளர் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சிமுலேஷன் ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தானியங்கிக் காரின் உயிரிழப்பு விகிதம் மனித ஓட்டுநர்களுடையதைவிட அதிகமில்லை என்று 95 சதவீத உறுதியோடு காட்ட, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. 100 கார்கள் மணிக்கு 25 மைல் வேகத்தில் இரவுபகலாக ஓடினால் பன்னிரண்டரை ஆண்டு. அதனால் கணினிக்குள் ஓட்டுகிறோம். ஆனால் கணினிக்குள் இல்லாத ஒன்றின்மேல் எத்தனை கோடி மைல் ஓட்டினாலும் முட்டாது.

2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், அமைப்பு அவரை மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கண்டுவிட்டது என்று தெரிகிறது. வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. மாற்றி மாற்றிச் சொன்னது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை சேர்த்த நகர்வு வரலாற்றைக் கைவிட்டது. ஆகவே அவர் எங்கே போகிறார் என்று சரியாகக் கணிக்கவே இல்லை.

இப்போது உங்கள் சிமுலேஷனைப் பாருங்கள். பொருள்களின் பட்டியலைச் சிமுலேட்டரிடமிருந்தே நேராக எடுத்து முடிவெடுக்கும் நிரலுக்குக் கொடுக்கிறீர்களா? அந்தப் பட்டியலில் பாதசாரி தொடக்கம் முதல் இறுதிவரை பாதசாரிதான். பெயர் மாறுவதே இல்லை. டெம்பியில் நடந்ததை அந்த அமைப்பில் ஆயிரம் முறை ஓட்டினாலும் ஆயிரமும் பாஸ் ஆகும். பட்டியலை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுங்கள்: மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை வகையை மாற்றுங்கள், நடுவில் நான்கு ஃபிரேம் பொருளை மறையுங்கள், இடத்தை அரை மீட்டர் தள்ளுங்கள்.

ரேடாருக்கும் இதே எச்சரிக்கை. கார்லாவின் ரேடார் நேர்க்கதிர்களை எறிந்து பட்ட இடத்தைத் திருப்பித் தருகிறது. பாலத்தின் இரும்பில் பட்டு, பக்கத்து லாரியில் எதிரொலித்து, இல்லாத காரைக் காட்டும் வித்தை அதற்குத் தெரியாது. காரணமில்லாமல் பிரேக் விழும் புகாரை இந்த ரேடாரை வைத்து ஆராய்ந்து, எங்கள் பக்கம் பிழை இல்லை என்று பதில் எழுதாதீர்கள்.

இந்தியச் சாலைக்காகச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்லாவோடு வரும் நகரங்கள் எல்லாம் வலப்பக்கம் ஓட்டும் நகரங்கள். வாகனப் பட்டியலில் ஆட்டோ கிடையாது. ஹைதராபாத், பெங்களூருச் சாலைகளில் எடுத்த 'இந்தியா டிரைவிங் டேட்டாசெட்' என்ற சாலைப் படத்தொகுப்பு 2018-இல் வந்தபோது ஆட்டோவைத் தனி வகையாகவே வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஆட்டோ இல்லாத நகரத்தில் எடுத்த நூற்றுக்கு நூறு, இங்கே எதற்கும் சான்றாகாது.

கடைசியாக நான் செய்யச் சொல்வது, பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. நிரலில் பிரேக் கட்டளை போகும் வரியை அணைத்துவிட்டு எல்லாச் சோதனைகளையும் மீண்டும் ஓட்டுங்கள். எல்லாம் தோற்க வேண்டும். எங்கள் குழுவில் முதல் முறை அப்படி ஓட்டியபோது ஒரு சோதனை மட்டும் பச்சை விளக்கோடு நின்றது. பிரேக்கே இல்லாத கார், நின்றிருக்கும் காரில் மோதாமல் எப்படிப் போனது?

படத்தைப் போட்டுப் பார்த்தோம். சாலை காலி. எதிர்க்காரை வைக்கும் இடத்தின் உயரம் தரையோடு ஒட்டியிருந்ததால், வைக்கும்போதே தரையில் இடிக்கிறது என்று சிமுலேட்டர் மறுத்துவிட்டது. முயன்று பார்க்கும் ஸ்பான் அழைப்பு பிழை எதையும் எழுப்பாமல் வெறுமையைத் திருப்பித் தந்திருந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பார்க்கவே இல்லை. மோதல் இல்லை என்றால் பாஸ் என்பது விதி. மோத ஒன்றுமே இல்லாத சாலையில் அந்தச் சோதனை பல வாரங்களாகத் தேறிக்கொண்டிருந்தது.

உயரத்தை அரை மீட்டர் ஏற்றினோம். வெறுமை வந்தால் சோதனை அங்கேயே நிற்கும்படி ஒரு வரி சேர்த்தோம். பாஸ் விதியில் மோதல் இல்லை என்பதோடு, நம் கார் எதிர்க்காருக்கு 5 மீட்டருக்குள் வந்து நின்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். பிரேக்கை மீண்டும் மாட்டி ஓட்டினால், கார் 9 மீட்டர் முன்பே நின்றுவிட்டது. பழைய விதிக்கு அதுவும் பாஸ். புதிய விதிக்குத் தோல்வி. கடிகாரத்திலிருந்து மறுபடி தொடங்கினோம்.